அடைப்புக்குறிக்குள் ஓர் எண்

நாகர்கோவிலில் ஒரு மாடி அறையில் உலகம்மாள் ஆறு பேருக்கு ஜாவா சொல்லிக்கொடுத்துவந்தார். வகுப்பு போக மீதி நேரத்தில் ஒரு ரத்த வங்கிக்காக புரோகிராம் எழுதுவார். அவர் மேஜைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு நாற்காலி. அதில் உட்காருகிற மாணவர் அந்த வாரம் முழுக்க அவரோடு சேர்ந்து அந்த நிஜ வேலையைச் செய்யலாம்.

யார் உட்காருவது என்று அவர் முடிவு செய்வதில்லை. மாதம் ஒரு தரம், சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல, சின்னதாக ஒரு புரோகிராமை ஓட்டுவார். நான்கு வாரத்துக்கு நான்கு பெயர் திரையில் வரும். ஒரே பெயர் திரும்பவும் வரலாம்.

அந்த மாதம் நான்கு வரியிலும் ஜெபராணி என்று வந்தது.

வேலப்பனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. செருப்புக் கடை வேலையை விட்டுவிட்டு முப்பத்து நான்கு வயதில் படிக்க வந்தவன் அவன். ஜெபராணியும் அதே கடையில் இருந்தவள்தான். இந்த வகுப்பைப் பற்றி அவளுக்குச் சொன்னதே அவன்தான்.

அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எதையோ கேட்பாள். ஆசிரியை தலையாட்டுவார். கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தால் அவள் முதுகு மட்டும் தெரியும். அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டாவது வாரத்தில் அவளோடு சேர்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டான்.

மூன்றாவது வாரம் நேராகக் கேட்டான்.

"மேடம், அது தானாத்தான் வருதா?"

உலகம்மாள் புரோகிராமை அச்செடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"பாரு. அடுத்த மாசம் நீயே ஓட்டு."

பதினோரு வரிகள். குருட்டாம்போக்கில் எண் தரும் ரேண்டம் என்ற கிளாஸிலிருந்து ஓர் ஆப்ஜெக்டை உண்டாக்கி, அதனிடம் நான்கு எண் கேட்டு வாங்கியிருந்தார். ஆப்ஜெக்டை உண்டாக்கும் இடத்தில் அடைப்புக்குறி காலியாக இருந்தது. காலியாக விட்டால் ஒவ்வொரு தரமும் புதிதாக எங்கிருந்தாவது தொடங்கும். ஓர் எண்ணைப் போட்டுவிட்டால் எப்போது ஓட்டினாலும் ஒரே வரிசைதான். வகுப்பில் முதல் மாதமே படித்தது.

குற்றம் எதுவும் கிடைக்கவில்லை. அதுதான் அவனை இன்னும் வாட்டியது.

அவளுக்குக் கிடைத்தது அப்படியே தனக்கும் வேண்டும், ஒரு வாரம்கூடக் குறையக் கூடாது. அடைப்புக்குறிக்குள் ஒன்று போட்டான், இரண்டு போட்டான். பிறகு எண்களை வரிசையாகப் போட்டுப் பார்க்கும் வேலையை ஒரு லூப்பிடம் விட்டான். ஆயிரத்து எழுநூற்று நாற்பத்திரண்டில் நான்கு வரியும் வேலப்பன் என்று வந்தது.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை, எல்லோரும் சுற்றி நிற்க, அந்த எண்ணை உள்ளே வைத்தே அவன் ஓட்டினான். நான்கு பெயரும் அவனுடையது. ஜெபராணிதான் முதலில் பேசினாள்.

"ஒனக்கும் வந்துட்டு பாத்தியா. ரத்தக் குரூப்பு பாக்குற பகுதி கொஞ்சம் குழப்பும். நான் எழுதி வச்ச நோட்டு தாரேன்."

அவள் சிரித்த முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை.

மற்றவர்கள் டீ குடிக்கக் கீழே இறங்கினார்கள். வேலப்பன் நாற்காலியில் உட்கார்ந்தான். உலகம்மாள் அவனைப் பார்த்தார்.

"என்ன நம்பர் போட்ட?"

அவன் விழித்தான். "எப்படி மேடம்..."

"பேரு வரதுக்கு முன்னாலயே நோட்ட எடுத்துக் கக்கத்துல வச்சுக்கிட்ட."

அவன் தலை குனிந்தான். எண்ணைச் சொன்னான்.

"ஒண்ணுலேர்ந்தா தேடின?"

"ஆமா."

"வழியில, நாலும் ஜெபராணின்னு வந்த நம்பர் இருந்துச்சா?"

வேலப்பன் கக்கத்திலிருந்த நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"முந்நூத்தி எண்பத்தெட்டு."

"அங்க அவ பேரைப் போட்டது யாரு?"

"யாருமில்ல."

"அதப் பாத்தப்புறமும் நிக்கலியே நீ."

"நிக்கல மேடம். அதப் பாத்ததும் இன்னும் ஆத்திரமாத்தான் வந்துது."

உலகம்மாள் விசைப்பலகையை அவன் பக்கம் நகர்த்தினார்.

"அத எடுத்துட்டு ஓட்டு."

அவன் எண்ணை அழித்தான். அடைப்புக்குறி மறுபடி காலியானது. விசையை அழுத்தினான்.

முதல் வரியில் ஜெபராணி. அடுத்த மூன்று வரியிலும் வேறு வேறு பெயர்கள். அவன் பெயர் எங்கும் இல்லை.

கீழேயிருந்து அவள் குரல் கேட்டது. யாருக்கோ டீயில் சர்க்கரை குறைக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த நான்கு வரியை இன்னும் வேறு யாரும் பார்க்கவில்லை. வேலப்பனின் விரல் அவனை அறியாமல் அதே விசைக்கு மேல் போய் நின்றது.

உலகம்மாள் அந்த விரலைப் பார்த்தார்.

"இன்னொரு தரம் ஓட்டினா மறுபடியும் தேட ஆரம்பிச்சிருவ," என்றார். "இந்த வாரம் அவளுது. போ, அவளக் கூப்பிடு."