பச்சைக் கதவருகே மட்டும் கேட்ட குரல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் பேய் கிடையாது. இருந்திருந்தால் ஓர் எலுமிச்சம்பழத்தோடு விஷயம் முடிந்திருக்கும். கடைசியில் ஒரு கேள்வி கேட்பேன், மழுப்பக் கூடாது.

தூத்துக்குடியில் மருந்துக் கடைகளுக்கு பைக்கில் சரக்குப் போடுகிறவர் சுடலைமுத்து. ஒரு லாரிக்காரன் இடித்துவிட்டுப் பழியை இவர் தலையில் கட்டினான். அன்றிலிருந்து கேமரா இல்லாமல் வண்டியை எடுப்பதில்லை என்று முடிவெடுத்து, பழைய சாமான் கடையில் ஒன்றை வாங்கி மாட்டினார். படம் பளிச்சென்று விழுந்தது. சத்தம்தான் இல்லை. ஹாரன், லாரி, இவரே போட்ட கூச்சல், ஒன்றும் பதிவாகவில்லை.

ஒரே ஓர் இடத்தைத் தவிர. காலை எட்டேகாலுக்கு நயினார் மருந்துக் கடை முன்னால் வண்டியை நிறுத்திப் பெட்டிகளை இறக்குவார். பதிவைப் போட்டுப் பார்த்தால், அந்த இடம் வந்ததும் படம் ஒரு நொடி உறையும். பிறகு ஒரு பெண் பேசுவாள். படத்தில் ஆளே இருக்காது. கடையை ஒட்டிய வீட்டின் மூடிய பச்சைக் கதவு மட்டும் தெரியும்.

"வந்துட்டியளா?" என்று கேட்பாள். யாரோ பதில் சொல்வதற்கு இடம் விடுவதுபோல் கொஞ்சம் பொறுப்பாள். பிறகு, "இன்னைக்காவது இதை மாட்டிட்டுப் போங்க" என்பாள்.

தினமும் அதே நேரம், அதே குரல். பேச்சு மட்டும் நாளுக்கு நாள் நீண்டது. இவர் வண்டியைக் கிளப்பியதும் பாதியில் அறுந்துவிடும்.

செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் மெஹருன்னிசாவிடம் கொண்டுபோனார். அவள் மெமரி கார்டைத் துடைத்தாள். மறுநாளும் குரல் வந்தது. கார்டையே மாற்றினாள். அப்போதும் வந்தது. பிறகு செட்டிங்கைத் துருவித் துருவிப் பார்த்ததில் குட்டு உடைந்தது. கேமராவின் சொந்த மைக்கை முந்தைய ஆள் அணைத்து வைத்திருந்தான். தன் ப்ளூடூத் ஹெல்மெட்டில் இருந்த மைக்கோடு அதை இணைத்திருந்தான். திரையில் பெயர்கூட இருந்தது: லூர்து ஹெல்மெட்.

"இது பக்கத்துல போனா அந்த ஹெல்மெட்டும் ரெண்டு தடவை பீப் அடிக்கும், அண்ணாச்சி," என்றாள். "அதைக் கேட்டுத்தான் அந்தப் பொண்ணு பேசுது போல."

மிச்சத்தைக் கடைக்காரர் நயினார் சொன்னார். பச்சைக் கதவு வீட்டு லூர்து எட்டு மாதத்துக்கு முன்னால் அவசரத்தில் ஹெல்மெட் இல்லாமல் கிளம்பி, துறைமுகச் சாலையில் விழுந்து செத்தவன். நொறுங்கிய வண்டியைக் கேமராவோடு பழைய சாமான் கடைக்குப் போட்டுவிட்டார்கள். ஹெல்மெட்டைத் தினமும் சார்ஜில் போடுவது அவன் மனைவி ரெஜினாவின் வேலை. அவன் போன பிறகும் அவள் அதை விடவில்லை. ஏழு மாதம் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தவள், இந்த ஒரு மாதமாகத் தலை வாரி, உலை வைத்துச் சாப்பிடுகிறாள். காலையில் அவர் வந்துவிட்டுப் போகிறார் என்கிறாளாம்.

கேமரா மாட்டிய இந்த ஒரு மாதமாக அந்த வீட்டுக்கு வந்துபோகிற லூர்து தான்தான் என்று சுடலைமுத்துவுக்குப் புரிந்தது. ஆனாலும் மூன்று நாள் ஒன்றும் செய்யாமல் அதே இடத்தில் நிறுத்தினார், கேட்டார். மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. அன்றைய பதிவில் அவள் சொன்னாள்:

"உங்க வேலையை எனக்குத் தாறாங்களாம். மதுரையில. திங்கக்கிழமைக்குள்ள வந்து சேரணுமாம். நான் போயிட்டா நீங்க வந்து யாரைத் தேடுவிய? வேண்டாம்னு எழுதிக் குடுத்துருதேன்."

சுடலைமுத்து, மெஹர், நயினார் மூவரும் அதை இரண்டு முறை ஓட்டிக் கேட்டார்கள். புருஷன் இறந்ததற்காக அவளுக்குக் கொடுக்கிற வேலை அது, வேறு பிழைப்பு கிடையாது என்பது நயினாருக்குத் தெரியும்.

மெஹர் சொன்னது இது: இணைப்பை இப்போதே அழித்துவிடலாம். பீப் நின்றுவிடும். அழுதுவிட்டுத் தானாகக் கிளம்புவாள். அடுத்தவர் வீட்டுப் பேச்சை ஒட்டுக் கேட்டோம் என்று சொல்லி அந்தப் பிள்ளையை ஏன் கூனிக் குறுக வைக்க வேண்டும்?

நயினாருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. திங்கட்கிழமை யாருக்காகவும் காத்திருக்காது. இந்தக் கேமராவிலிருந்து ஹெல்மெட்டுக்குக் குரலை அனுப்ப முடியுமா என்று கேட்டார். முடியும் என்றாள் மெஹர். அப்படியென்றால் ஆண் குரலில் 'நீ போ' என்று இரண்டே வார்த்தை, உடனே பெட்டியைக் கட்டிவிடுவாள், நல்லதுக்குத்தானே என்றார்.

சுடலைமுத்து இரண்டையும் செய்யவில்லை. சனிக்கிழமை காலை கேமராவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பச்சைக் கதவைத் தட்டினார். ஒன்று விடாமல் சொன்னார்.

ரெஜினா அழவில்லை. "அப்போ நான் பேசுனதெல்லாம் கேட்டது நீங்கதானா, அண்ணாச்சி?"

"ஆமா, தங்கச்சி."

"அவரு ஒண்ணும் கேக்கலியா?"

"இல்லம்மா."

கதவு மூடிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து எழுந்த ஓலம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. எட்டு மாதத்துக்கு முன்னால் பிணத்தை இறக்கியபோதுகூட அவள் அப்படி அழவில்லை என்றார்கள். நயினார் ஓடிவந்து சுடலைமுத்துவின் சட்டையைப் பிடித்தார். "அவனை ரெண்டாந்தடவை கொன்னுட்டியே, பாவி," என்றார்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். சத்தமில்லாமல் அறுக்கச் சொன்ன மெஹர், செத்தவன் குரலில் பேசச் சொன்ன நயினார், போய்ச் சொல்லிவிட்ட சுடலைமுத்து. இவர்களில் யார் வழி சரி?

என் விடை: சுடலைமுத்துவின் வழி. மெஹர் சொன்னபடி அறுத்திருந்தால், புருஷன் ஏதோ கோபத்தில் வராமல் இருக்கிறார் என்று ரெஜினா அந்த வீட்டை விட்டு நகராமல் காத்துக் கிடந்திருப்பாள். நயினார் சொன்னபடி பேசியிருந்தால் மதுரைக்குப் போயிருப்பாள், ஆனால் ஹெல்மெட்டோடு. அங்கேயும் தினமும் எட்டேகாலுக்கு வேலைக்குக் கிளம்பாமல் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பாள். இரண்டிலும் லூர்து சாகவே இல்லை. காத்திருக்க யாரும் இல்லை என்று ஒருவர் சொல்லியே ஆக வேண்டும். அதற்காக சுடலைமுத்துவை நல்லவர் என்று நான் சொல்லமாட்டேன். தெரிந்த அன்றே போய்ச் சொல்லாமல் மூன்று நாள் கேட்டவர்தானே. ரெஜினா ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மதுரை பஸ் ஏறினாள். சுடலைமுத்துவிடம் இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.