தும்பை வாங்கிய பந்தயக் குதிரை

காட்டாற்றின் தாழ்ந்த கரையில், நாணல் புதர் ஒன்றின் அடியில், தும்பை என்ற தாய் முயல் தன் மூன்று குட்டிகளோடு இருந்தது. அந்தக் கரையில் புல் செழிப்பாக இருக்கும். மண் மெத்தென்று இருக்கும். ஒரே ஒரு குறைதான். மலையில் மழை பெய்தால் ஆறு சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிடும்.

வெள்ளம் வந்தால் எல்லோரும் எதிர்க்கரையில் இருக்கும் பாறைமேட்டுக்குப் போய்விட வேண்டும். பெரியவர்கள் கல்லுக்குக் கல் தாவிப் போவார்கள். குட்டிகளையும் குஞ்சுகளையும் ஓர் எருமை முதுகில் ஏற்றிக்கொண்டு போகும். ஆனால் போன மழைக்காலத்தில் அந்த எருமை மிகவும் தளர்ந்துபோயிருந்தது. மெல்ல மெல்ல நடந்தது. அது திரும்பி வருவதற்குள் வெள்ளம் கரையைத் தொட்டுவிட்டது. காத்திருந்த குட்டிகளில் ஒன்றை ஆறு இழுத்துக்கொண்டு போனது. அது தும்பையின் குட்டி.

அதற்குப் பிறகு தும்பைக்குத் தூக்கம் போய்விட்டது. புதிதாகப் பிறந்த மூன்றையும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, காதைத் தூக்கியபடியே படுத்திருக்கும். காற்று அடித்தாலும் தண்ணீர் என்று நினைக்கும். குட்டி தும்மினால்கூட மூச்சு முட்டுகிறதோ என்று பதறும்.

கோடையில் எருமை இறந்துபோனது. கரையில் கூட்டம் கூடியது.

"வேற ஆள் பார்க்கணும்," என்றது முள்ளாண்டி. அது ஒரு முள்ளம்பன்றி. கரைக்குத் தலைவர் என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்ளும்.

"வேகமான ஆளா பார்க்கணும்!" என்றது தும்பை. "போன தடவை வேகம் இருந்திருந்தா என் பிள்ளை இன்னைக்கு இருந்திருக்கும்."



"வேகம்னா குதிரைதான்," என்று மெதுவாகச் சொன்னது கௌதாரி. அதற்கும் குஞ்சுகள் இருந்தன. "சமவெளியில சிங்கராஜா பந்தயம் நடத்துது இல்லையா? ஓடி முடிச்ச குதிரைங்களை விக்கிறாங்களாம். லாயத்துக்கு அடியில குடியிருக்கிற பெருச்சாளிதான் தரகர்."

"பந்தயக் குதிரையா!" முள்ளாண்டி முள்ளைச் சிலிர்த்தது. "நம்ம கரைக்கே ஒரு கௌரவம்! புறப்படுங்க!"

மூன்றும் சமவெளிக்குப் போயின. பெருச்சாளி வளையிலிருந்து மூக்கை நீட்டியது.

"வாங்க, வாங்க! நல்ல நேரத்துலதான் வந்திருக்கீங்க. நாளைக்கு வந்திருந்தா ஒண்ணும் இருக்காது."

"ஏன், அவ்வளவு கிராக்கியா?" என்றது முள்ளாண்டி.

"கிராக்கியா! விலை போகாததெல்லாம் ராஜாவோட அடுக்களைக்குப் போயிடும்," என்றது பெருச்சாளி. அதைக் கேட்டு வரிசையில் நின்ற குதிரைகள் தலையைக் குனிந்துகொண்டன.

தும்பை ஒவ்வொரு குதிரையின் முன்னாலும் போய் நின்றது. ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டது.

"நீ எவ்வளவு வேகமா ஓடுவே?"

கடைசியில் நின்ற செந்நிறக் குதிரை பதில் சொல்லவில்லை. பெருச்சாளிதான் சொன்னது. "இவன் பேரு புயல்ராஜா. இவனைப் பிடிக்க இந்தச் சமவெளியில ஆள் கிடையாது. முன்னங்கால்ல அடிபட்டுது, அதனால ஓய்வு கொடுத்துட்டாங்க."

முள்ளாண்டி குதிரையின் பல்லைப் பார்த்தது. ஏதோ தெரிந்ததுபோல் தலையை ஆட்டியது. கௌதாரி குதிரையின் முன்னங்காலில் சிறகை வைத்துப் பார்த்தது.

"சூடா இருக்கே, தும்பை!"

"ஓடின கால் சூடாத்தான் இருக்கும்," என்றது தும்பை. அதற்கு அந்தக் குதிரை வேண்டும். அவ்வளவுதான்.

குதிரை மெல்லக் கேட்டது. "எனக்கு என்ன வேலைம்மா?"

"பிள்ளைங்களைச் சுமக்கணும். நான் 'ஓடு'ன்னு சொன்னா ஓடணும்."

"ஓடுறது ஒண்ணுதாம்மா எனக்குத் தெரியும்."

"அது போதும்!"

கரையில் விளையும் கோரைக்கிழங்கு முழுவதையும் பெருச்சாளி விலையாகக் கேட்டது. முள்ளாண்டி வாயைத் திறப்பதற்குள் தும்பை சரி என்று சொல்லிவிட்டது.

புறப்படும்போது பெருச்சாளி கூடவே கொஞ்ச தூரம் வந்தது.

"வித்துட்டேன், இனிமே எனக்கு ஒண்ணும் இல்லை. ஆனாலும் சொல்றேன். போனதும் வேலை கொடுக்காதீங்க. சும்மா மேய விடுங்க. பழைய வேலை உடம்பை விட்டு இறங்கணும். அப்பதான் புது வேலை ஏறும்."

"மழை காத்துக்கிட்டு இருக்குமா?" என்று கேட்டது தும்பை. பெருச்சாளி திரும்பிப் போய்விட்டது.

வழியெல்லாம் குதிரை ஒழுங்காக நடக்கவில்லை. இலை அசைந்தால் துள்ளியது. பக்கவாட்டில் நகர்ந்தது. நிற்கச் சொன்னால் நிற்கத் தெரியவில்லை.

"எனக்கு நடந்து பழக்கம் இல்லம்மா," என்று அது வெட்கத்தோடு சொன்னது. "கொஞ்ச நாள் விடுங்க. கத்துக்கிறேன்."

"நடக்கிறதுக்கா உன்னை வாங்கினேன்?" என்றது தும்பை.

கரைக்கு வந்ததும் நாணலால் இரண்டு கூடைகள் முடைந்து குதிரையின் முதுகில் இருபுறமும் தொங்கவிட்டார்கள். ஆறு அப்போது வறண்டு கிடந்தது.

"ஒரு தடவை இதை அக்கரைக்குக் கூட்டிக்கிட்டுப் போய் வரலாமே," என்றது கௌதாரி. "வழி பழகட்டும்."

"வேண்டவே வேண்டாம்!" தும்பை பதறியது. "கல்லுல கால் இடறினா என்ன பண்றது? வேகம் போயிடும். வெள்ளம் வர்ற வரைக்கும் அது நிழல்லயே நிக்கட்டும்."

அதனால் குதிரை நிழலிலேயே நின்றது. தும்பை அதற்கு நல்ல புல்லாகத் தேடிக் கொண்டுவந்து போட்டது. அதன் கால்களைப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் மூச்சு விட்டது.

ஒரு நாள் விடிகிற நேரம். மலைப்பக்கம் கறுத்துக் கிடந்தது. மரத்தின் உச்சியில் இருந்த கௌதாரி கத்தியது.

"வருது! ஆறு வருது!"

கரையே அல்லோலகல்லோலப்பட்டது. முயல்குட்டிகள், கௌதாரிக் குஞ்சுகள், முள்ளாண்டியின் ஒரே மகன், எல்லாவற்றையும் கூடைகளில் ஏற்றினார்கள். தும்பை தன் கடைக்குட்டியை நக்கிக் கொடுத்துவிட்டு, கூடையின் அடியில் திணித்தது.

"ஓடு!" என்றது.

புயல்ராஜா பாய்ந்தது. அப்பா, என்ன வேகம்! மண் பறந்தது. தும்பைக்கு நெஞ்சு நிறைந்தது. 'இனி என் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது' என்று நினைத்தது.

ஆற்றின் ஓரம் வரை போன குதிரை இடப்பக்கம் திரும்பியது. கரையை ஒட்டியே ஓடியது. மூங்கில் புதரில் மறுபடியும் திரும்பியது. புற்றைச் சுற்றிக்கொண்டு வந்தது. புறப்பட்ட இடத்துக்கே வந்து, நுரை தள்ள நின்றது.

"வந்துட்டேன்!" என்றது பெருமையோடு. "நான்தானே முதல்ல?"

தண்ணீர் நாணலின் வேருக்கு வந்திருந்தது.

"ஏன் திரும்பி வந்தே?" என்று கேட்டது தும்பை.

குதிரை குழம்பிப்போய்ப் பார்த்தது. "புறப்பட்ட இடத்துலதானேம்மா முடியும்? எல்லாப் பந்தயமும் அப்படித்தானே? யாரு முதல்ல திரும்பி வர்றாங்களோ அவங்கதானே ஜெயிச்சவங்க?"

"அட கிறுக்குப்பயலே!" முள்ளாண்டி கத்தியது. "ஆத்தைத் தாண்டணும்டா! என் பிள்ளை உள்ள இருக்கான்டா!" கோபத்தில் அதன் முட்கள் எல்லாம் கலகலவென்று ஆடின.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் குதிரை மிரண்டது. மிரண்டால் அதற்குத் தெரிந்தது ஒன்றுதான். மறுபடியும் ஓடியது. மறுபடியும் அதே வட்டம்! கூடைகள் ஆடின. குட்டிகள் அலறின. மூங்கில் திருப்பத்தில் தும்பையின் கடைக்குட்டி தெறித்துச் சேற்றில் விழுந்தது.

தும்பை பாய்ந்து போய் அதன் கழுத்தைக் கவ்விக்கொண்டது. உயிர் இருந்தது. உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

குதிரை வட்டத்தை முடித்துக்கொண்டு வந்து நின்றது. அதன் உடம்பும் அதேபோலத்தான் நடுங்கியது. தும்பை அதை அப்போதுதான் கவனித்தது. வாங்கின நாளிலிருந்து அது குதிரையின் கால்களைத்தான் பார்த்திருந்தது. கண்களைப் பார்க்கவே இல்லை. அந்தக் கண்களில் இருந்த பயம் தும்பைக்கு நன்றாகத் தெரிந்த பயம்.

குளம்பு நனைகிற அளவுக்குத் தண்ணீர் வந்துவிட்டது.

"இன்னும் ஒரு தடவை விரட்டுவோம்! தானா வழிக்கு வரும்!" என்றது முள்ளாண்டி.

"சும்மா இருங்கண்ணே!" தும்பை குட்டியைக் கீழே வைத்துவிட்டுக் குதிரையின் முகத்துக்கு நேரே போய் நின்றது. வாங்கும்போதே கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்டது.

"தம்பி, ஓடுறதைத் தவிர உனக்கு வேற என்ன தெரியும்?"

குதிரை மூச்சு வாங்கியபடி யோசித்தது.

"ஒண்ணு தெரியும்மா. பந்தயத்துக்கு முன்னாடி ஒரு கிழட்டு மட்டக்குதிரை எங்களைக் கூட்டிக்கிட்டுப் போகும். அது முன்னால நடக்கும். நான் அது பின்னாலயே தலையைக் குனிஞ்சுகிட்டு நடப்பேன். அப்ப மட்டும் எனக்குப் பயமே இருக்காது."

"அது உன்னைவிடப் பலசாலியா?"

"இல்லம்மா. ரொம்பச் சின்னது. ஆனா அதுக்குப் போற இடம் தெரியும். அவ்வளவுதான்."

தும்பை ஆற்றைப் பார்த்தது. தாவிப் போகிற கற்களின் தலை மட்டும் தெரிந்தது. இன்னும் சற்று நேரத்தில் அதுவும் தெரியாது. தும்பைக்கு ஆற்றைக் கண்டால் போதும், கால் மரத்துப்போகும். ஆனால் அந்தக் கரையில் போகிற இடம் தெரிந்து, குதிரை நம்பக்கூடிய ஆள் வேறு யாரும் இல்லை.

தும்பை கடைக்குட்டியைக் கவ்வி மறுபடியும் கூடைக்குள் விட்டது. அப்படி விடுவதற்கு அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"என் வாலைப் பார்த்துக்கிட்டே வா," என்று குதிரையிடம் சொன்னது. "ஓடாதே. நான் நின்னா நில்லு. நான் போனா வா."

தும்பை முதல் கல்லுக்குத் தாவியது. பின்னால் குளம்பு தண்ணீரில் இறங்கும் சத்தம் கேட்டது. இரண்டாவது கல். திரும்பிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. கூடைக்குள் யார் அழுகிறார்கள்? தன் பிள்ளையா, கௌதாரியின் பிள்ளையா? பார்க்கவில்லை. திரும்பினால் குதிரையும் திரும்பிவிடும்!

"ஓடு! ஓடு! தண்ணி ஏறுது!" பின்னால் நீந்தி வந்த முள்ளாண்டி கத்தியது.

"வாயை மூடுங்கண்ணே! நடந்தே வரட்டும்!" என்று மேலே பறந்து வந்த கௌதாரி அதட்டியது.

நடு ஆற்றில் கல் இல்லை. தண்ணீர் மூடிவிட்டது. தும்பை குதித்தது. ஆறு அதைப் பக்கவாட்டில் தள்ளியது. மூக்கிலும் வாயிலும் தண்ணீர். அப்போது வெதுவெதுப்பான ஒன்று அதன் விலாவில் வந்து முட்டுக்கொடுத்தது. அது குதிரையின் முகம். வெள்ளம் மார்பில் மோத, அந்தக் குதிரை அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

"அவசரம் இல்லம்மா," என்றது. "நீங்க நடங்க. நான் இருக்கேன்."

தும்பை அதன் கன்னத்தில் சாய்ந்தபடியே காலை உதைத்து உதைத்து அடுத்த கல்லைப் பிடித்தது. பிறகு இன்னொன்று. பிறகு பாறை.

கூடைகளைக் கீழே இறக்கினார்கள். எல்லாக் குட்டிகளும் இருந்தன. தும்பை தன் மூன்றையும் மாற்றி மாற்றி முகர்ந்து பார்த்தது. முள்ளாண்டி மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தது.

குதிரை மட்டும் ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றது. அது புறப்பட்ட இடம் தண்ணீருக்குள் போய்விட்டது.

"இது எந்த இடம்மா?"

"இதுதான் தம்பி, அக்கரை."

"இத்தனை வருஷம் ஓடியிருக்கேன்," என்றது குதிரை. "ஒரு இடத்துக்கும் போய்ச் சேர்ந்ததே இல்லை."

தும்பை குதிரையின் முன்னங்காலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. அந்தக் கால் வீங்கியிருந்தது. இரண்டு வட்டம் ஓடியதால் வந்த வீக்கம். அது பிறகு முழுவதும் வடியவே இல்லை. புயல்ராஜாவால் அதற்கு மேல் பாய்ந்து ஓட முடியவில்லை. யாரும் ஓடச் சொல்லவும் இல்லை.

வெள்ளம் வடிந்த பிறகு அதை இஷ்டம்போல் மேய விட்டார்கள். ஆறு காய்ந்திருக்கும் நாள்களில் தும்பை முன்னால் போகும். குதிரை பின்னால் நடக்கும். போவார்கள், வருவார்கள். அடுத்த மழைக்காலத்திலும் தும்பை காதைத் தூக்கிக்கொண்டுதான் படுத்திருந்தது. அந்தப் பயம் அதை விட்டுப் போகவில்லை. ஆனால் ஆறு வந்தபோது குதிரை குட்டிகளைச் சுமந்துகொண்டு, யாரும் முன்னால் போகாமலே, மெதுவாக நடந்து பாறைமேட்டில் ஏறி நின்றது.

ஆகவே, ஒருவரைப் புது வேலைக்கு அழைத்து வரும்போது அவருடைய பழைய வேகத்தை மட்டும் பார்த்து நம்பிவிடக் கூடாது. அவருக்குத் தெரியாத வழியில் முதலில் நாம்தான் முன்னால் நடந்து காட்ட வேண்டும்.