சுமைதாங்கிக் கல்லும் மந்தியின் முகமும்

மந்தியும் மூடுபனியும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், வாள்முதுகு மேட்டில் ஒரு கல்கூட நட்டிருக்கவில்லை. இது நல்லபடியாக முடிகிற கதை இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மேட்டின் மேல் ஒற்றையடிப் பாதை. கிழக்கே பார்த்தால் வயலும் குளமும் பாய் விரித்த மாதிரி கிடக்கும். மேற்கே பள்ளம், எட்டிப் பார்த்தால் அடி தெரியாது. மூடுபனி அந்தப் பள்ளத்தில்தான் குடியிருந்தது. சாயங்காலம் மேலே ஏறும் முன், மேட்டுக் கோடியில் உட்கார்ந்திருக்கும் மந்தியிடம், "யாராவது உண்டா?" என்று கேட்கும். மந்தி பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு இருந்தது அந்த ஒரு வேலைதான். அப்போது அதன் முகம் வெளுப்பு.

உப்பு சுமப்பவர்கள் மேட்டை விட்டு இறங்கும்போது, "வர்றோம்" என்று மந்தியிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். நம் ஆட்கள் "போறோம்" என்று சொல்லமாட்டார்களே, அபசகுனமாம்.

அன்று கடைசியாக வந்தவர்கள் மொக்கையனும் அவன் மனைவி ஒச்சாயியும். அவளுக்கு எட்டு மாதம். தலையில் உப்பு மூட்டை வேறு.

"மெதுவா வா புள்ள. என் மூட்டையக் கீழ இறக்கிட்டு ஓடி வந்து உன்னோடத வாங்கிக்கறேன்."

"ஓடி வருவியாக்கும்! நடக்கவே உன் முட்டி கத்துது. போய்யா."

மொக்கையன் மந்தியைத் தாண்டும்போது, "பின்னால என் பொண்டாட்டி வர்றா, பாத்துக்க" என்றான். மந்தியின் வாய் நிறைய அத்திப்பழம். தலையை மட்டும் ஆட்டியது.

கொஞ்ச நேரத்தில் மூடுபனி கேட்டது. மந்தி திரும்பிப் பார்க்காமலே கத்தியது: "ஏ, யாராவது உண்டா?"

"வர்றேன்!" நடுமேட்டிலிருந்து மூச்சு வாங்கச் சொன்னாள் ஒச்சாயி.

"வர்றேன்னு சொல்லிட்டா. போயாச்சு, நீ ஏறு" என்றது மந்தி.

பனி ஏறியது. ஒச்சாயிக்குத் தன் கால் தெரியவில்லை. மூட்டையை ஈரத் தரையில் போட்டால் உப்பு கரைந்துவிடும். கழுத்து ஒடிகிற மாதிரி வலி. சுமையைச் சாய்க்க ஒரு கல் அகப்படுமா என்று கையை நீட்டி ஓரடி வைத்தாள். கல் இல்லை. தரையும் இல்லை.

பனியில் ஏற வழி தெரியாமல் அடிவாரத்திலேயே நின்ற மொக்கையன், விடிந்ததும் பாறைச் சரிவில் வெள்ளையாக உப்பு வழிந்திருப்பதைப் பார்த்தான். மந்தியிடம் வந்தான்.

"நீ பாத்தியா?"

"கேட்டேன். வர்றேன்னு சொன்னா."

"பாத்தியான்னு கேட்டேன்."

மந்தி அப்போதுதான் திரும்பி மேட்டைப் பார்த்தது. அதன் முகம் கறுத்தது.

மொக்கையன் நடுமேட்டில் இரண்டு கல்லை நட்டு, ஒச்சாயியின் தலை உயரத்துக்குக் குறுக்கே ஒரு கல்லை ஏற்றினான். மூட்டையை அதில் சாய்த்துவைக்கலாம். அவளுக்குத்தான் உதவவில்லை.

அன்று கறுத்த முகம்தான் மந்திக்கு இன்றும். பேச்சும் போய்விட்டது; பனி ஏறும்போதெல்லாம் அந்தக் கல்லில் உட்கார்ந்து "ஊ... ஊ..." என்று கூவி, மேட்டின் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது. அந்தக் கூவலைக் கேட்கிற நாமும் அங்கே "வர்றேன்" என்று சொல்வதில்லை. "இருக்கேன்" என்கிறோம்.