எருமையின் முதல் உதை

மூங்கிலடிக் காட்டில் ஒரு பந்தாட்டத் திடல் இருந்தது. அந்தக் காட்டு அணிக்குத் தலைவி செவலை என்ற கீரி. செயலாளர் நரி. வருஷம் முழுக்க மேய்ந்து திடலின் புல்லை ஒரே சீராக வைத்திருந்தது கருப்பாயி என்ற எருமை. அதற்குக் கூலி கிடையாது. ஒரே ஒரு மரியாதை உண்டு. வருஷத்தின் முதல் ஆட்டத்தில் முதல் உதை கருப்பாயியுடையது.

இந்த வருஷம் நரிக்குப் புத்தி வேறு பக்கம் போயிற்று. "மயில் விருந்தாளியா வந்து உதைச்சா கூட்டம் அள்ளும்" என்றது. குளித்து, கொம்பில் தாமரைக்கொடி சுற்றிக்கொண்டு வந்த கருப்பாயியை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டது. மயில் உதைத்தது. செவலைக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. கருப்பாயி குளத்துக்குத் திரும்பிப் போனது.

மறுநாளிலிருந்து அது மேய வரவில்லை. நல்ல மழை வேறு. பத்தே நாளில் புல் செவலையின் காதுக்கு மேல் வளர்ந்துவிட்டது. அடுத்த வாரம் அக்கரை அணியோடு ஆட்டம். அன்றைக்குத் திடல் தயாராக இல்லையென்றால் திடலே அக்கரைக்காரர்களுக்குப் போய்விடும். அதுதான் காட்டுச் சட்டம்.

"இதுக்கா கவலை? ஒரு கட்டுப் புல் அனுப்பினா ஓடி வந்துடும்" என்றது நரி. அப்படியே அனுப்பியும் வைத்தது. மேயமாட்டேன் என்று போன எருமைக்குப் புல்லா! கட்டு போன வேகத்தில் திரும்பி வந்தது.

செவலை தானே கிளம்பிப் போனது. குளத்துச் சேற்றில் வயிறு வரை இறங்கி நின்றது.

"அத்தை, அன்னிக்கு நான் பேசியிருக்கணும். பேசல. தப்பு என்னுது."

"புல்லு எனக்கு எங்கேயும் கிடைக்கும்டி. என் திடல்னு நெனச்சுத்தான் வந்தேன். எல்லார் முன்னாடியும் ஓரமா நிக்க வெச்சீங்களே" என்று கருப்பாயி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"நீங்க வந்தாலும் வராட்டியும் அடுத்த ஆட்டத்துல முதல் உதை உங்களுதுதான். திடலை நான் விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தது செவலை.

அன்றே பல்லால் புல்லைக் கடிக்கத் தொடங்கியது. கீரிக்கும் புல்லுக்கும் என்ன சம்பந்தம்? ஈறு கிழிந்தது. "உனக்கென்ன பைத்தியமா?" என்றது நரி. செவலை தலை நிமிரவில்லை. மூன்று நாளில் ஒரு மூலைகூட முடியவில்லை.

நாலாம் நாள் காலையில் பின்னால் பெருமூச்சு கேட்டது. கருப்பாயி தன் சொந்தபந்தம் பத்துப் பேரோடு நின்றது.

"இதுக்குப் பேரு மேயறதா? எலி கடிச்ச பாய் மாதிரி இருக்கு. தள்ளு!"

ஆட்டத்தன்று திடல் பளிச்சென்று இருந்தது. நரி மறுபடியும் மயிலை அழைத்து வந்திருந்தது. செவலை அதைத் திரும்பியும் பார்க்காமல் பந்தைக் கருப்பாயியின் காலடியில் வைத்தது. "அத்தை உதைக்காம ஆட்டம் கிடையாது" என்றது. கருப்பாயி ஓங்கி ஒரு உதை விட்டது. பந்து நேராகக் குளத்தில் போய் விழுந்தது. காடே சிரித்தது, கருப்பாயியும் சேர்ந்து சிரித்தது.

அன்றைக்கு மூங்கிலடி அணி ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றது. ஆனால் திடல் அவர்களிடமே இருந்தது. மறுநாள் காலையில் கருப்பாயி வழக்கம்போல் மேய வந்தது.

யாருடைய உழைப்பின் மேல் நின்று ஆடுகிறோமோ, அவர்களுக்கு உரிய மரியாதையை எடுத்து விருந்தாளிக்குக் கொடுக்கக் கூடாது.