சங்கன் வம்சம்

அந்த மழைக்காலத்தில் பிறந்த நான்காவது கன்றும் எழுந்து நிற்கவில்லை.

சென்னியப்பன் விரலில் சீம்பாலைத் தொட்டு அதன் வாயில் தடவிப் பார்த்தார். நாக்கு அசையவில்லை. தாய்ப்பசு நக்கிக்கொண்டே இருந்தது. உச்சி வெயிலுக்குள் அதுவும் நக்குவதை நிறுத்திவிட்டது.

மலையடிவாரத்து மடம் அது. முப்பத்தொரு வருடமாக அங்கே மாட்டுக்கொட்டில் அவர் பொறுப்பு. அறுபது மாடுகள். எல்லாம் வெள்ளை, எல்லாவற்றுக்கும் நெற்றியில் கருஞ்சுட்டி. சங்கன் என்ற ஒரே பொலிகாளையின் வம்சம். சங்கனுக்குப் பின் அவன் மகன், அதற்குப் பின் பேரன் மணியன். வெளிக்காளை எதுவும் கொட்டிலுக்குள் கால் வைத்ததில்லை. சென்னியப்பன் விட்டதில்லை. கார்த்திகைக்கு வரும் கூட்டம் சாமி கும்பிட்ட கையோடு கொட்டிலுக்கு வரும். அறுபது மாடும் அச்சில் வார்த்தது போல நிற்பதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

கன்றைப் புதைத்துவிட்டு அவர் குருவிடம் போனார்.

குரு நல்லமங்கை அம்மை. நாற்பது வயது. சென்னியப்பனுக்கு ஐம்பத்தெட்டு. அவர் "தாயே" என்பார், அம்மை "அண்ணா" என்பார்.

"நாலு கன்னு போச்சுங்க தாயே. பதினேழு மாட்டுக்குச் சினை நிக்கவே மாட்டேங்குது. வைத்தியரு வந்து பாத்துட்டாரு, நோய் ஒண்ணும் இல்லீங்கறாரு. தீவனத்துல குறை வெக்கலை. நான் என்ன தப்புப் பண்ணுனேன்?"

 அம்மை எழுந்து ஓடைக்கு நடந்தார். சென்னியப்பன் பின்னால் போனார்.

ஈர மணலில் அம்மை விரலால் ஒரு குழி போட்டார். அதற்கு மேலே இரண்டு. அதற்கு மேலே நான்கு, பிறகு எட்டு, பிறகு பதினாறு.

"கீழ இருக்கறது இன்னைக்குச் செத்த கன்னு. மேல அதோட தாய் தகப்பன். அதுக்கு மேல அவங்களப் பெத்தவங்க. அப்படியே போகுது. ஒரு மாட்டுக்கு ஒரு கல்லு. பேரைச் சொல்லி வைங்கண்ணா."

சென்னியப்பனுக்கு எல்லா மாட்டின் வழியும் மனப்பாடம். கூழாங்கற்களைப் பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"தகப்பன் மணியன். தாய் அல்லி." இரண்டு கல் வைத்தார். "அல்லியோட தாய் பூவாத்தா. அல்லியோட தகப்பன்..."

கை நின்றது.

"அதுவும் மணியந்தானுங்க."

"மணியன் கல்லுதான் கீழ இருக்குதே."

"இன்னொரு கல்லு வெச்சுக்கட்டுங்களா?"

"மணியன் ரெண்டு பேரா?"

அவர் அந்தக் குழியை விட்டுவிட்டு மேலே போனார். சங்கனை ஓரிடத்தில் வைத்தார். அடுத்த குழிக்கும் சங்கன்தான். அதற்கடுத்ததற்கும் அவன்தான். அல்லியின் பாட்டி ஏற்கெனவே வேறொரு குழியில் இருந்தாள். சொல்லச் சொல்லக் குரல் இறங்கியது.

கடைசி வரிசையில் பதினாறு குழி. நான்கில் மட்டும் கல் இருந்தது. மீதிக் குழிகளில் ஓடைத் தண்ணீர் ஊறத் தொடங்கியிருந்தது.

"நல்லது சிதறிப் போகக் கூடாதுன்னுதானுங்க தாயே இப்படிப் பண்ணுனேன்."

"தெரியும்ணா."



தை பிறந்ததும் அம்மை, "மலைக்குப் போகலாம் வாங்க," என்றார். "மணியனையும் பிடிச்சுக்கங்க."

"எதுக்குங்க?"

"போய்ப் பாக்கலாம்."

விடியற்காலையில் ஏறத் தொடங்கினார்கள். மணியனுக்குக் கல்லுப் பாதை பழக்கமில்லை. அதன் குளம்பு வழுக்கும் இடங்களில் சென்னியப்பன் தோள் கொடுத்துத் தள்ளினார். வெயில் மேற்கே சரிந்தபோது ஒரு பெரிய பாறைச் சரிவின் கீழே சுனை தெரிந்தது. பக்கத்தில் முள்வேலி போட்ட பட்டி. பட்டிக்காரி பொம்மி வேலியோரம் நின்று வாயில் கை குவித்துக் குரல் கொடுத்தாள்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு காட்டுக்குள் கிளைகள் முறியும் சத்தம் கேட்டது. பிறகு மணிச்சத்தம். பிறகு பாறையே அதிர்ந்தது.

மாடுகள் இறங்கின.

சென்னியப்பன் தன்னையறியாமல் நிறம் சொல்லத் தொடங்கினார். "செவலை... காரி... மயிலை... அது மறை... இது புள்ளி..." வந்துகொண்டே இருந்தன. நெருப்பு நிறத்தில் வெள்ளைத் தெறிப்பு விழுந்தவை. கரும்புகை போல வரியோடியவை. மார்பு ஒரு நிறம், முதுகு ஒரு நிறம். ஒன்றின் கொம்பு வானத்தைப் பார்த்தது, ஒன்றின் கொம்பு பின்னால் சாய்ந்தது, ஒரு கிழட்டுப் பசுவின் கொம்பு வளைந்து அதன் கண்ணருகே வந்து நின்றது. அவருக்குத் தெரிந்த நிறப்பெயர்கள் தீர்ந்துவிட்டன. மாடுகள் தீரவில்லை. பிறந்து பத்து நாள்கூட ஆகாத கன்றுகள் செங்குத்துப் பாறையில் தாவிக் குதித்து, விழுந்து, எழுந்து, தாயை முந்திக்கொண்டு தண்ணீருக்கு ஓடின.

அவர் கையிலிருந்த கயிறு நழுவியது. அதை எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. மணியன் தலையைத் தூக்கி மூக்கை விரித்து நின்றது. அதுவும் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"இதெல்லாம் ஒரே இனமாம்மா?" என்று பொம்மியிடம் கேட்டார். 

"ஒரே இனந்தான் சாமி."

"ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லையே."

"எதுக்கு இருக்கோணும்?" என்றாள் பொம்மி. "ஒரு வருசம் மழை பேயாது, ஒரு வருசம் காணை நோய் வரும். எது தாங்குமுன்னு எனக்கென்ன தெரியும்? என் காளைய மூணு வருசம் வெச்சிருப்பேன். அப்புறம் அந்த மலைக்காரனுக்குக் குடுத்துட்டு அவன் காளைய ஓட்டிக்கிட்டு வருவேன்."

அவள் மணியனைச் சுற்றி வந்தாள். பல்லைப் பார்த்தாள். முதுகைத் தட்டினாள்.

"பொம்மி, எங்க மடத்துக்கு ஒரு காளை வேணும்," என்றார் அம்மை.

"அந்தச் செவலையக் கூட்டிட்டுப் போங்க. இவனை எனக்கு விடுங்க."

சென்னியப்பன் பதறிப்போனார்.

"வேண்டாம்மா! இவன் கன்னுகதான் நாலு செத்துப்போச்சு. எங்க கொட்டில் பீடைய உன் பட்டிக்கு எப்படிக் குடுப்பேன்? சும்மாவே செவலையக் குடு. இவனை நான் கடைசி வரைக்கும் கட்டி வெச்சு வைக்கோல் போட்டுக்கறேன்."

பொம்மி சிரித்தாள்.

"எந்த மாட்டோட சேத்தீங்க?"

"எங்க மாட்டோடதான். இவன் மகளோட. இவன் தங்கச்சியோட."

"இங்க இவனுக்கு மகளும் இல்லை, தங்கச்சியும் இல்லையே சாமி."

சென்னியப்பன் அம்மையைப் பார்த்தார். அம்மை மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ இவன் மேல கோளாறு இல்லீங்களா தாயே?"

"நல்ல காளைண்ணா. உங்களை மாதிரி வளக்க ஆளில்லை."

அவர் மணியனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மூக்கணாங்கயிற்றைத் தானே கழற்றினார். மணியன் ஓரடி வைத்தது. தயங்கியது. பிறகு அந்த நிறங்களுக்குள் இறங்கியது. சிறிது நேரம் வெள்ளையாகத் தனித்துத் தெரிந்தது. மாடுகள் நகர்ந்தபோது அதுவும் அவற்றுக்கு நடுவே போயிற்று.

மறுநாள் இறங்கும்போது செவலைக்காளை அவரை இழுத்துக்கொண்டு நடந்தது.

"வெள்ளை போயிடுமுங்களே தாயே. கார்த்திகைக்கு வர்றவங்க என்ன சொல்லுவாங்க?"

"ஏதாவது சொல்லுவாங்க."

மறு ஐப்பசியில் பூவாத்தா கன்று போட்டது. பொழுது புலரும் நேரம். மழை அப்போதுதான் விட்டிருந்தது. சென்னியப்பன் அம்மையை அழைத்து வர ஓடினார். இருவரும் வந்து சேர்வதற்குள் கன்று எழுந்து நின்றிருந்தது. கால்கள் நடுங்கின. ஒருமுறை விழுந்தது. மறுபடி எழுந்து மடியை முட்டித் தேடி, பிடித்துக்கொண்டது. அது பால் இழுக்கும் சத்தம் கொட்டில் முழுதும் கேட்டது.

சென்னியப்பன் கன்றின் பக்கத்தில் மண்டியிட்டு நெற்றியைப் பார்த்தார். சுட்டி இல்லை. உடம்பு தகப்பனின் செவலையும் இல்லை, தாயின் வெள்ளையும் இல்லை. முதுகில் ஒரு சாம்பல் கோடு ஓடியது. காது ஓரங்களில் மட்டும் கறுப்பு. முப்பத்திரண்டு வருடத்தில் எந்தக் கன்று பிறந்தாலும் அவர் பார்த்த மாத்திரத்தில் யாருடைய சாயலைக் கொண்டிருக்கிறது என்று சொல்லிவிடுவார். இப்போது சொல்லத் தெரியவில்லை. நனைந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"தாயே, இது யாரைக் கொண்டு பொறந்திருக்குதுங்க?"

அம்மை குனிந்து கன்றை வெகுநேரம் பார்த்தார்.

"தெரியலைங்கண்ணா," என்றார். "இதை நானும் இப்பத்தான் பாக்கறேன்."