சால்வைக்குள்ள வந்த பை

இந்தக் கதையை நான் ரொம்ப வருஷமா நம்பினதே இல்ல, தாரகை. பொய்னு தள்ளவும் முடியல. உன் நாகமணி அத்தை எங்கிட்ட எப்படிச் சொன்னாளோ அப்படியே உனக்குச் சொல்றேன். நீ "ம்" கொட்டணும். கொட்டலைன்னா கதை நடு ரோட்டுல நின்னுக்கும்.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு பை இருந்துச்சாம்.

"பையா? ராஜா இல்லையா பெரியப்பா?"

ராஜா இல்ல, பைதான். ஆனா ராஜாவைவிட அதுக்குக் கவனிப்பு ஜாஸ்தி. பால் நிறம். தொட்டா கன்னுக்குட்டி காது மாதிரி மெத்துனு இருக்கும். மூடினா 'டிக்'னு ஒரு சத்தம். உங்கப்பா பனியன் கம்பெனி வேலையா இத்தாலி போனப்ப வாங்கிட்டு வந்தது. நிச்சயத்துக்கு நகை ஒண்ணும் வேண்டாம், இந்த மாதிரி ஒரு பை மட்டும் போதும்னு உங்கம்மா சொல்லிட்டாங்களாம்.

அந்தக் கடைக்காரங்க மூணு விஷயம் சொல்லி அனுப்பினாங்களாம். தண்ணி படக்கூடாது. நெருப்புக்கிட்ட கொண்டுபோகக்கூடாது. பிளாஸ்டிக் கவர்ல கட்டக்கூடாது, மூச்சு முட்டும்.

"பைக்கு மூச்சா?"

தோல்தானே கண்ணு. காத்து இல்லைன்னா உள்ளுக்குள்ளயே வேர்த்துப் பூஞ்சை பிடிச்சுக்கும்.

அப்புறம், நிச்சயத்துக்குக் கோபியில இருந்து உங்கம்மா ஊர் கோத்தகிரிக்குப் புறப்பட்டாங்க. கார்த்திகை மாசம். கீழயே மழை, மேல கேக்கணுமா? நம்ம பக்கம் மாப்பிள்ளையோட கூடப்பொறந்தவதான் சீர்த்தட்டைத் தூக்கணும். உங்கப்பாவுக்குக் கூடப்பொறந்தவ ஒருத்திதான், நாகமணி. ஆனா எங்க சித்தி இருக்காங்களே, வள்ளியாத்தா, அவங்க வேன்ல ஏறும்போதே ஆரம்பிச்சுட்டாங்களாம்.

"ஏம்மிணி, தப்பா நெனைக்காதே. புள்ளை பொறக்காத கையில சீர்த்தட்டைக் குடுத்தா நல்லாவா இருக்கும்? என் மருமக தூக்கட்டுமே."

அத்தை தட்டை விடல. "என் தம்பி சீரு சித்தி. நான்தான் தூக்குவேன்."

"தூக்கு, தூக்கு. பையில ஒரு கறை பட்டாலும் உன் கைராசின்னு அந்த ஊட்டுக்காரங்க சொல்லுவாங்க. அப்புறம் எங்கிட்ட வந்து அழுகாதே."

"அழுதா உங்ககிட்ட வரமாட்டேன்"னாளாம் அத்தை. புரியுதா தங்கம்? அந்தப் பை மேல ஒரு சொட்டு விழுந்தா, அது அத்தை கை மேல விழுந்த மாதிரி.

"ம்."

அப்புறம் வேன் கொர்ர்ர் கொர்ர்ர்னு மலை ஏறுது. ஒரு வளைவு, இன்னொரு வளைவு. பாத்தா, ரோட்டுக்குக் குறுக்க ஒரு மரம் படார்னு விழுந்து கிடக்குது. "இதுக்கு மேல வண்டி போகாதுங்க, நடந்துருங்க"ன்னு டிரைவர் சொல்லிட்டார். எல்லாரும் எறங்கின உடனே மழை வந்துச்சு. சடசட சடசட!

சித்தி ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினாங்க. "இதுல போட்டு இறுக்கிக் கட்டு."

"மூச்சு முட்டும் சித்தி."

"எனக்குத்தான் முட்டுது, உன்னைப் பாத்து."

அப்போ அத்தை என்ன பண்ணினா? பையோட வந்த வெள்ளைத் துணி உறைக்குள்ள பையைப் போட்டா. சீர்ல புது எவர்சில்வர் அண்டா ஒண்ணு இருந்துச்சு. அதுக்குள்ள பையை உக்கார வெச்சு, மூடி போட்டு, இடுப்புல தூக்கிக்கிட்டா. மழை மூடி மேல விழுந்துச்சு. டங் டங், டிணுக்கு டிணுக்கு. "உள்ள யாரு?"ன்னு மழை கேட்டுச்சாம். "யாருமில்ல, சாம்பார்"னு அத்தை சொன்னாளாம். சாம்பார் நமக்கு எதுக்குன்னு மழை போயிருச்சு.

"ஹி ஹி."

சிரிச்சா தூக்கம் ஓடிரும். ம் மட்டும்.

"ம்."

அப்புறம் மூடுபனி வந்துச்சு. அதுக்குச் சத்தமே இல்ல. உஸ்ஸ்ஸ்னு தேயிலைக் காட்டுக்குள்ள இருந்து எந்திரிச்சு வந்துச்சு. முன்னால போறவங்க முதுகு தெரியல. அண்டா ஐஸ் மாதிரி சில்லுனு ஆயிருச்சு. அத்தைக்கு ஏதோ தோணி மூடியைத் தூக்கிப் பாத்தா, மூடியோட உள்பக்கம் முத்து முத்தாத் தண்ணி. அண்டாவுக்கே வேர்த்திருச்சு! ஒரு முத்து விழலாமா வேண்டாமான்னு ஆடிக்கிட்டு நிக்குது. அத்தை வெடுக்குனு பையை எடுத்துட்டா. வெறும் அண்டாவை சித்தி மருமக கையில குடுத்து, "நீ தூக்கணும்னுதானே சித்தி ஆசைப்பட்டாங்க, இந்தா"ன்னுட்டா.

பையைத் துணி உறையோட வயித்து மேல வெச்சு, முந்தானையைச் சுத்திக் கட்டி, மேல கம்பளிச் சால்வையைப் போத்திக்கிட்டா. ரெண்டு கையாலயும் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு மெதுவா நடந்தா. வழி வழுக்குது. மத்தவங்க நல்ல நேரம் போயிருமேன்னு வேகமாப் போயிட்டாங்க. அத்தை பின்னால தனியா. சளக் சளக், சளக் சளக்.

அப்போ ரோட்டோரம் ஒரு டீக்கடை. கடைக்கார அம்மா எட்டிப் பாத்துட்டு, "அட சாமி!"ன்னு ஓடி வந்துட்டாங்க. "வாயும் வயிறுமா இருக்கிற பொண்ணு இந்தக் குளிர்ல நடக்கிறதா? உன்னை விட்டுட்டுப் போனவங்களுக்கு அறிவு இல்ல? உள்ள வா கண்ணு, கணப்புக்கிட்ட உக்காரு."

உள்ள ஒரு இரும்புச் சட்டியில கரி சிவந்து கிடக்குது. சடக், படக். அத்தைக்குப் பல்லு கிடுகிடுன்னு அடிக்குது. விரல் எது, நகம் எதுன்னே தெரியல. ஆனா நெருப்புக்கிட்ட போனா தோல் சுருங்கி வெடிச்சிருமே! அவ வாசப்படிகிட்டயே நின்னுட்டா.

"வா கண்ணு."

"சூடு ஆகாதுங்கம்மா."

"உனக்கா, உள்ள இருக்கிறதுக்கா?"

"உள்ள இருக்கிறதுக்குத்தானுங்க."

"இப்பவே அதிகாரமா? பொட்டப்புள்ளையாத்தான் இருக்கும். எப்போ எறங்கும்?"

"இன்னைக்கே எறங்கிருமுங்க."

"இன்னைக்கா! நடந்தா போறே!" அந்தம்மாவுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. ஒரு கிளாஸ் டீயைக் கையில திணிச்சு, குடிச்சு முடிக்கிற வரைக்கும் கூடவே நின்னாங்களாம். அப்புறம் சால்வைக்கு மேல கையை வெச்சு, "நோவு இல்லாம நல்லபடியா எறங்கட்டும்"னு சொல்லி அனுப்பினாங்களாம்.

"ம்... அப்புறம்?"

அப்புறம் உங்கம்மா வீடு. பீப்பீ, டும் டும். வாசல்ல உங்கம்மாவோட பெரியம்மா நிக்கறாங்க, கையில குழைச்ச மஞ்சள் கிண்ணம். அத்தை சால்வையை விலக்கிப் பையை வெளிய எடுத்தா. பால் நிறம் பால் நிறமாவே இருக்குது! ஒரு சொட்டு இல்ல, ஒரு சுருக்கம் இல்ல. முன்னால போனவங்க கொண்டுவந்திருந்த சீர்த்தட்டை வாங்கி, அதுல வெச்சா. அப்போ அந்தப் பெரியம்மா விரலை மஞ்சள்ல முக்கி, நேராப் பைக்கு நேரா நீட்டறாங்க!

"ஐயோ!"

ஆமா, ஐயோதான். இத்தாலிக் கடைக்காரங்களுக்கு மஞ்சளைப் பத்தி என்ன தெரியும்? அவங்க சொல்லவே இல்ல. "புதுப் பொருளு, மஞ்சள் வைக்காம ஊட்டுக்குள்ள ஏத்தமாட்டேன்"னு அந்தம்மா சொல்லிட்டாங்க. வேண்டாம்னு தடுத்தா அபசகுனம். தொட விட்டா கறை. வள்ளியாத்தா சித்தி பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டிருக்காங்க.

அத்தை தட்டை இடது கையில ஏந்திக்கிட்டு, வலது கையைப் பைக்கும் மஞ்சளுக்கும் நடுவுல நீட்டிட்டா. "பைக்கு வைக்கிறதை இந்தக் கைக்கு வைங்கம்மா. அத்தனை மழையிலயும் குளிர்லயும் கொண்டுவந்தது இந்தக் கைதான்."

அந்தப் பெரியம்மா ஒரு நிமிஷம் அத்தை முகத்தைப் பாத்தாங்க. நீலம் பாஞ்ச விரலைப் பாத்தாங்க. அப்புறம் ஒரு பொட்டு இல்ல, கிண்ணத்துல இருந்ததை அள்ளி, புறங்கை முழுக்க, மணிக்கட்டு வரைக்கும் பூசி விட்டாங்களாம். "கைராசிக்காரி, வலது காலை எடுத்து வெச்சு வா"ன்னாங்களாம். சித்தி தானே நகந்து வழி விட்டாங்க. உங்கம்மா வந்து தட்டுல இருந்து பையை எடுத்தாங்க. திறந்தாங்க, மூடினாங்க. 'டிக்'.

கதை மலை எறங்கிருச்சு, நீயும் இமையை எறக்கு.

தாரகை? ம் சத்தத்தைக் காணோம். சரி, தூங்கு.

பை வந்து சேந்தது நிஜம். மஞ்சள் பூசினதும் நிஜம், போட்டோ இருக்குது. டீக்கடைதான் எனக்கு இடிச்சுது. நான் அப்போ மஸ்கட்ல இருந்தேன். திரும்பி வந்து விசாரிச்சா, கூட நடந்து போன யாருக்கும் அப்படி ஒரு கடையே ஞாபகம் இல்ல. அவளுக்குன்னு ஒரு கடையை அவளே கட்டிக்கிட்டாளோன்னு எத்தனையோ நாள் யோசிச்சிருக்கேன். அப்படிக் கட்டியிருந்தாத்தான் என்னன்னும் யோசிச்சிருக்கேன். போன தீபாவளிக்கு வந்திருந்தாளே, அப்போ கேட்டேன். கடை நிஜமான்னு கேக்கத்தான் போனேன். ஆனா வாயில வந்தது வேற.

"ஏன் நாகு, இது பைதானுங்கம்மான்னு ஒரு வார்த்தை சொல்லி, அதைத் தள்ளி வெச்சுட்டு நீ கணப்புக்கிட்ட உக்காந்திருக்கலாமே. ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அந்தம்மா சால்வை மேல கையை வெச்சிருக்க மாட்டாங்களே"ன்னா.