தலையில்லாத கிடாரை இறக்கிய கதை

இந்தக் கதையில் ஓரிடத்தில் நீங்கள் கட்டாயம் சிரிப்பீர்கள். ஆனால் உடனே கிடையாது. முதலில் ஒரு பார்சலைப் பிரிக்க வேண்டும். பிறகு பெங்களூருக்கு இரண்டு போன் போட வேண்டும். அப்புறம் பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று கொஞ்சம் வியர்க்க வேண்டும். அவசரக்காரர்கள் இப்போதே சிரித்துவிட்டுக் கிளம்பலாம். மற்றவர்கள் தூத்துக்குடிக்கு வாருங்கள்.

அங்கே முத்தொலி மெல்லிசைக் குழு என்று ஒன்று உண்டு. அதில் பேஸ் கிடார் வாசிப்பவன் வியாகுலம். நாலே நாலு கம்பி, தடித்த கம்பி. அவன் வாசிப்பது காதில் விழுவதைவிட நாற்காலியில்தான் அதிகம் தெரியும். அவனுடைய மாமனார் பரிபூரணத்துக்கு அது நாற்காலியிலும் தெரியவில்லை. "மருமகன் என்ன வாசிக்காரு?" என்று யாராவது கேட்டால், "என்னத்த வாசிக்கான், மேடையில ஒயரைப் பிடிச்சிக்கிட்டு நிக்கான்" என்பார். ஆறு வருஷமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இன்றைக்கு வியாகுலத்தின் கொழுந்தியாளுக்குக் கல்யாண வரவேற்பு. கச்சேரி முத்தொலி. மாமனாருக்கு முதல் வரிசையில் நடு நாற்காலி. இன்றைக்கு மட்டும் அந்த மனுஷன் காதில் பேஸ் விழுந்துவிட்டால் போதும், வியாகுலத்துக்கு வேறு எதுவும் வேண்டாம்.

பழைய கிடார் போன வாரம் ஷேர் ஆட்டோவிலிருந்து விழுந்து இரண்டாகிவிட்டது. கல்யாணத்துக்கு வர லீவு கிடைக்காத பெங்களூர் மச்சான் ஜெரால்டு தன்னுடையதை அனுப்பியிருந்தான். காலையில் மண்டபத்திலேயே பார்சலைப் பிரித்தார்கள். பிரித்ததும் மூன்று பேரும் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். மூன்று பேர் என்றால் வியாகுலம், டோலக் வாசிக்கும் சூசைமாணிக்கம், ரிதம் பேடு தட்டும் பொன்னுலிங்கம்.

"தலையக் காணும்" என்றான் சூசை.

உண்மைதான். கழுத்து நீளமாகப் போய், பட்டென்று நின்றுவிட்டது. கம்பியை முறுக்குகிற சாவிகள் இருக்க வேண்டிய தலை இல்லவே இல்லை. பெட்டியைக் கவிழ்த்தார்கள். தெர்மாக்கோலை உடைத்தார்கள். பிறகு பார்சல் ஆபீசுக்குப் போனார்கள். அங்கிருந்தவர் சீட்டைப் பார்த்து, "நாலு கிலோன்னு ஏத்தியிருக்கு, நாலு கிலோ இறங்கியிருக்கு. தலை எத்தனை கிலோ?" என்று கேட்டார். யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை. திரும்பி வந்தார்கள்.

"தலை இல்லாட்டி என்ன? சத்தம் வருதா பாரு" என்றான் பொன்னுலிங்கம். வந்தது. அத்துடன் விட்டுவிட்டார்கள்.

மதியம்தான் வினை வந்தது. பாடகி ரோஸ்லின் முந்தாநாள் தையல்காரரிடம் ரவிக்கைக்காக ஒரு மணி நேரம் சண்டை போட்டதில் தொண்டை கட்டிப்போய் வந்திருந்தாள். "எல்லாப் பாட்டையும் ஒரு ஸ்கேல் இறக்குங்க, இல்லாட்டி நான் வரவேற்பு மேசையில சந்தனம் நீட்டப் போயிருவேன்" என்றாள்.

குழுத் தலைவர் தொபியாஸ் மாஸ்டருக்கு அது ஒரு வேலையே இல்லை. கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டினார், சுருதி இறங்கிவிட்டது. வியாகுலத்தைப் பார்த்தார்.

"நீயும் இறக்கு."

"நான் எப்படி அண்ணாச்சி? எனக்குப் பொட்டு வச்ச இடம்தான் தெரியும்." பழைய கிடாரில் இருந்த மாதிரியே இதன் கழுத்திலும் அவன் காலையிலேயே மனைவியின் ஸ்டிக்கர் பொட்டுகளை வரிசையாக ஒட்டியிருந்தான். சிவப்பு, பச்சை, மறுபடி சிவப்பு. அதுதான் அவன் படித்த சங்கீதம்.

"பொட்டு அங்கனயே இருக்கட்டும். கம்பியத் தளத்து. மூணு மணிக்கு சவுண்ட் பாக்கும்போது சேரலைன்னா பேஸை என் இடது கையே வாசிச்சிரும். நீ முதல் பந்தியில உக்காந்து சாப்பிடு."

மூன்று பேரும் சமையற்கட்டுக்குப் பின்னால், பிரியாணி அண்டா ஓரமாகக் கூடினார்கள்.

"சாவி தலையிலதான் இருக்கும்" என்றான் பொன்னுலிங்கம்.

"தலை பெங்களூர்ல இருக்கு" என்றான் சூசை.

வியாகுலம் நெடுநேரம் யோசித்தான். பிறகு மச்சானுக்குப் போன் போட்டான்.

"மச்சான், தலை உங்ககிட்டதான நிக்கி? அங்கனேருந்தே நாலையும் ஒரு ஸ்கேல் இறக்கி விட்டிருங்களேன். ரொம்ப வேண்டாம், ஒண்ணே ஒண்ணு."

ஜெரால்டு, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற குரலில் சொன்னான்: "மாப்ள, அந்தக் கிடாருக்குத் தலையே கிடையாது. அதோட பிறவியே அப்படி. முறுக்குற திருகு நாலும் வால்ல இருக்கு பாருங்க."

வாலைப் பார்த்தார்கள். நாலு குட்டித் திருகுகள் இருந்தன. "பாவம், இடம் மாறிப் பிறந்திருக்கு" என்றான் சூசை.

முதல் திருகை வியாகுலம் நம்பிக்கையோடு சுற்றினான். இன்னும் கொஞ்சம் நம்பிக்கையோடு சுற்றினான். கம்பி துணி காயப் போடுகிற கொடி மாதிரி தொங்கியது. மறுபடி போன்.

"கண்ணை மூடிட்டுச் சுத்தாதீங்க மாப்ள. போன்ல ட்யூனர்னு ஒரு ஆப் இருக்கும், அதை ஓடவிடுங்க. கம்பியத் தட்டினா முள்ளு ஆடும். சுருதி கூடினா முள்ளு வலப்பக்கம், குறைஞ்சா இடப்பக்கம். சரியா இருந்தா பச்சை வரும். தடிச்ச கம்பிலேருந்து வரிசையா டி, ஜி, சி, எஃப். பச்சை வர்ற வரைக்கும் விடாதீங்க. ஒரு ஆள் முள்ளைப் பாருங்க, ஒரு ஆள் திருகுங்க."

இரண்டு ஆளுக்கு வேலை கொடுத்த ஜெரால்டு, மூன்றாவது ஆளை மறந்துவிட்டான். எல்லாம் அங்கேதான் கெட்டது.

வியாகுலம் குனிந்து திருகைப் பிடித்தான். பொன்னுலிங்கம் போனை ஏந்தினான். சும்மா நின்ற சூசைக்கு ஒரு பழக்கம் உண்டு. டோலக்குக்குச் சுருதி சேர்க்கும்போது தானும் கூடவே "ம்ம்ம்" என்று இழுப்பான். இழுக்காவிட்டால் அவனுக்கு எதுவும் சேராது. அவன் குரலோ, கிணற்றுக்குள்ளிருந்து லாரி கிளம்புகிற மாதிரி இருக்கும். பொன்னுலிங்கத்தின் தோளையொட்டி, போனுக்கு நேராக வாயை வைத்துக்கொண்டு ஆரம்பித்தான்.

"கூடியிருக்கு, இறக்கு" என்றான் பொன்னுலிங்கம்.

வியாகுலம் திருகை இறக்கினான். சூசை குரலை இறக்கினான்.

"இன்னும் கொஞ்சம்."

இருவரும் இன்னும் கொஞ்சம் இறக்கினார்கள்.

"ஐயோ, ரொம்பப் போயிட்டு. ஏத்து."

இருவரும் ஏற்றினார்கள். ஒயரில் சேராத அந்தக் கிடார் கொசு அளவுக்குத்தான் முனகியது. போனுக்குக் கேட்டதெல்லாம் சூசைதான்.

"பச்சை. அப்படியே விட்டிரு. அடுத்தது."

நாலு கம்பிக்கும் நாலு பச்சை. கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. ஒருவருக்கொருவர் கை கொடுத்துக்கொண்டார்கள்.

மூன்று மணிக்கு ஒயரைச் சொருகி வியாகுலம் நாலு கம்பியையும் ஒரு தட்டுத் தட்டினான். தொபியாஸ் மாஸ்டர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"என்னலே இது, நாலு கம்பியும் நாலு ஊர்ல நிக்கி."

"பச்சை வந்தது அண்ணாச்சி. மூணு பேரு கண்ணால பாத்தோம்."

"எங்க வச்சுப் பாத்தீங்க?"

"சமையக்கட்டுப் பின்னால."

மாஸ்டர் தாடையைத் தடவினார். அவரும் இந்தக் குழுவுக்குத்தானே தலைவர். "அங்க அடுப்புச் சூடு. இங்க ஃபேன் ஓடுது. அங்க சேத்த சுருதி இங்க எப்படிலே செல்லும்?"

நியாயமாகத்தான் பட்டது. மேடையிலேயே மறுபடி சேர்த்தார்கள். வியாகுலம் திருகினான், பொன்னுலிங்கம் பார்த்தான், சூசை இழுத்தான். பச்சை வந்தது. ஒயரைச் சொருகினால் ஐந்தாவதாக இன்னொரு ஊர் சேர்ந்திருந்தது.

"நாங்க மூணு பேரு இருக்கையில பச்சை வருது, நீங்க வாசிச்சா போயிருது" என்றான் பொன்னுலிங்கம். மாஸ்டருக்கு முகம் சுருங்கிவிட்டது. போனை வாங்கித் தானே பார்த்தார். சூசை இழுத்தான். பச்சை. மாஸ்டரால் மறுக்க முடியவில்லை.

"வருதுதான். ஆனா வந்தது நிக்க மாட்டேங்கு." இடது கையை மடக்கி நீட்டிச் சூடாக்கிக்கொண்டார். "முதல் பாட்டு வரைக்கும் பாப்பேன் வியாகுலம். அப்பவும் இப்படின்னா நீ கீழ இறங்கிரு."

வியாகுலத்துக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. நடு நாற்காலியில் துண்டு போட்டு இடம் பிடித்தாயிற்று. சூசைக்கு மனசு கேட்கவில்லை.

"அழாத மாப்ள. பச்சை போவாம நான் பாத்துக்கிடுதேன்." போனை டோலக் மைக்கின் கம்பத்தில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினான். தான் இழுத்தால் பச்சை நிற்கிறது, நிறுத்தினால் போகிறது என்பதை அவன் எப்படியோ கண்டுபிடித்திருந்தான். ஏன் என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.

மாலை. மண்டபம் நிறைந்தது. பரிபூரணம் வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்தார். கச்சேரி தொடங்கியது. வியாகுலம் சிவப்புப் பொட்டில் விரல் வைத்து முதல் கம்பியை இழுத்த மாத்திரத்தில், மைக்செட்காரர் காதைப் பொத்திக்கொண்டு பேஸ் ஒயருக்கான பட்டனைத் தரைமட்டமாக இறக்கினார். அதே நேரம் டோலக் மைக்கிலிருந்து கனமாக, கச்சிதமாக ஏதோ வந்தது. அவருக்குப் பிடித்திருந்தது. அதை ஏற்றிவிட்டார்.

"ம்ம். ம்ம். ம்ம்ம்ம்."

நாற்காலிகள் அதிர்ந்தன. ரோஸ்லின் அதன் மேல் சுகமாக உட்கார்ந்து பாடினாள். மாஸ்டர் இடது கையைப் பேண்ட் பையில் போட்டுக்கொண்டு, "இப்பத்தாம்லே இறங்கியிருக்கு" என்றார்.

பரிபூரணம் நிமிர்ந்தார். பக்கத்தில் இருந்தவரைத் தொட்டு, "கேக்கேரா? எம் மருமகன்" என்றார். உதட்டசைவிலேயே வியாகுலம் அதைப் படித்துவிட்டான். ஆறு வருஷம். அவன் கண்ணை மூடி, தலையை ஆட்டி, ஒரு காலை முன்னால் வைத்து வாசித்தான்.

இரண்டாவது பாட்டில் மணமக்கள் மேடையேறினார்கள். யாரோ காகித வெடியை வெடித்தார்கள். ஜிகினாத்தூள் மழையாக இறங்கியது. வியாகுலத்தின் மூக்கில் ஒரு துண்டு ஒட்டியது. வலது கையால் தட்டினான், போகவில்லை. இடது கையும் வந்தது. இரண்டு கையும் மூக்கில். பேஸ் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

பெங்களூர்க் கிடார் என்றால் சும்மாவா என்று நினைத்துக்கொண்டான்.

அப்போது பேஸ் தும்மியது.

சாதாரணத் தும்மல் இல்லை. நாலு ஸ்பீக்கர் பெட்டியிலும் ஒரே நேரத்தில், அடி வயிற்றிலிருந்து, சுருதி பிசகாமல். ரோஸ்லின் பாட்டை நிறுத்தினாள். கம்பத்தில் கட்டிய போனில் பச்சை எரிந்தது. முதல் வரிசையிலிருந்து பரிபூரணம் எழுந்து, மருமகன் தோளில் தொங்கிய கிடாரைப் பார்த்து, நெஞ்சில் கை வைத்து, "ஆயுசு நூறு" என்றார்.

"சரி மாமா" என்று சொல்ல வாயெடுத்த வியாகுலம், மூக்கில் இருந்த தன் இரண்டு கைகளையும் பார்த்தான். அசையாத நாலு கம்பிகளைப் பார்த்தான். பிறகு மெல்லத் திரும்பி, அடுத்த தும்மலுக்காக வாயைப் பிளந்து மேலே பார்த்துக்கொண்டிருந்த சூசையைப் பார்த்தான்.

"லே சூசை," என்றான், "அப்பம் மத்தியானத்துலேருந்து நான் திருகுனது உன்னையா?"